கதவைத் தொடாதே, ஷீபா!

பெரிய பிளக் பின் சின்ன ஓட்டைக்குள் போகாது. இந்த ஒரே ஒரு சமாசாரத்தை நம்பித்தான் துப்பறியும் யுவராணி சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஏறியிருந்தாள். பதினோரு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் எரித்த கடைகளையும் பிரித்துப் பார்த்துப் பழகியவள். தேனியில் சொந்த ஆபீஸ் போட்ட பிறகு இவ்வளவு சின்னத் துப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு உயரம் ஏறியது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில் உதவியாளன் ஜஸ்டின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய்க்கு மட்டும் இன்னும் வயசு வரவில்லை.

"மேடம், காலையில தின்ன நாலு இட்லியில மூணு தொண்டையில நிக்கிது. நாலாவதைக் காணோம்."

"வாயை மூடிட்டு வா. அதுவும் வந்து சேர்ந்துக்கிரும்."

முன் சீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த சங்கரலிங்கம் சிரித்துவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டினார். "மோந்துக்கப்பா. இன்னும் ஏழெட்டு வளைவுதான்."

ஓடைப்பட்டியில் திராட்சை வியாபாரம், பெட்டி கட்டும் ஷெட்டு, மேகமலையில் 'மஞ்சுக்குடில்' என்று ஒரு விடுதி. அறுபதை நெருங்கும் மனுஷர். வேட்டிக்குக் கீழே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மழைக்கால அட்டைப்பூச்சிகள்மேல் அவருக்கு அவ்வளவு பயம். இடத்தைப் பார்க்கவேண்டும் என்று யுவராணி போனில் கேட்டதும், "எனக்கும் உண்மை தெரியணும் தாயி. கர்ணன் எம் புள்ள மாதிரி. நானே கூட்டிட்டுப் போறேன்" என்று ஜீப்பை எடுத்தவர்.

கர்ணன் அந்த விடுதியின் சமையல் மாஸ்டர். இருபது நாளைக்கு முன்னால், தூறலோடு தூறலாக, புல்வெளியில் வைத்த கரண்டு கிரில் அடுப்பில் சுற்றுலாக்காரர்களுக்குக் கோழி வாட்டிக்கொண்டிருந்தவன், மூடியைத் தூக்கக் கைப்பிடியைத் தொட்டான். தொட்ட கையை எடுக்கவில்லை. அங்கேயே போய்விட்டான்.

போலீஸ் அந்த அடுப்பையும், பக்கத்தில் கிடந்த ஒரு மஞ்சள் வயரையும் எடுத்துப் போனது. விடுதிக்கு வயரிங் செய்தவன் ஜெயமங்கலத்து எலெக்ட்ரீசியன் பெனடிக்ட். மஞ்சள் வயரும் அவனுடையது. கவனக்குறைவால் சாவு என்று அவன்மேல் கேஸ்.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், பெனடிக்ட் மறுக்கவே இல்லை. 'எங்கயோ நான் தப்பு விட்டிருக்கேன்' என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னமனூரில் சங்கரலிங்கத்தின் வக்கீல் முன்னால், தப்பு என்னுடையதுதான் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடப் போகிறான். போட்டால் லைசென்ஸ் போகும், ஜெயில் வரும். அவன் மனைவி கிளாரா நேற்று யுவராணியின் ஆபீசில் வந்து நின்று சொன்னது இவ்வளவுதான்.

"அவுக சோறு தின்னு மூணு நாளாச்சுக்கா. கையெழுத்துப் போட்டா மனசு ஆறிரும்ங்கிறாக. அவுக தப்புப் பண்ணலன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பண்ணிருந்தா அதையாச்சும் தெளிவாச் சொல்லுங்க. இப்படி ரெண்டுங்கெட்டானா எங்களால இருக்க முடியல."

அவள் கொடுத்த போலீஸ் போட்டோவில்தான் அந்தப் பின் இருந்தது. கிரில் அடுப்பின் பிளக், குண்டு குண்டாக மூன்று பின் உள்ளது. வெந்நீர் ஹீட்டருக்கு, ஏ.சி.க்குப் போடுகிற ரகம். மஞ்சள் வயரின் முனையில் இருந்ததோ சின்ன ஓட்டை. செல்போன் சார்ஜர் சொருகலாம், சீரியல் பல்பு சொருகலாம். அந்தக் குண்டுப் பின்னைச் சுத்தியலால் அடித்தாலும் உள்ளே போகாது. அப்படியானால் கர்ணனைக் கொன்ற கரண்டு மஞ்சள் வயரில் வரவில்லை. வேறொரு வயர் இருந்திருக்கிறது. அது எங்கே?

இதை யுவராணி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஜஸ்டினிடம் மட்டும் சொல்லியிருந்தாள், அவன் கணக்கில் வராது.

*

மஞ்சுக்குடிலில் மஞ்சு நிறையவே இருந்தது. பத்தடி தள்ளி நின்றால் ஆள் தெரியவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கே சமையல்கட்டில் லைட் போட்டிருந்தார்கள்.

அங்கே நின்ற பெண் யுவராணியை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். வெறுங்கால், ஈரக்கை, சிவந்த கண். கர்ணனின் மனைவி ஷீபா. குமுளிப் பக்கத்துக்காரி, புருஷனைச் சேட்டன் என்றே கூப்பிட்டுப் பழகியவள். புருஷன் போன பத்தாம் நாளே அவன் பார்த்த வேலையைச் சங்கரலிங்கம் அவளுக்குக் கொடுத்துவிட்டார். வேலை இருந்தால்தான் எஸ்டேட் லைன் வீடு. வீடு இருந்தால்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்குமேல் கூரை.

"அந்தக் கரண்டுக்காரனுக்கு வக்காலத்து வாங்க வந்தவுக நீங்கதானா?" என்றாள் ஷீபா. "எங்க சேட்டன் செத்த எடத்தப் படம் புடிக்க வந்தீகளோ?"

"உங்க சேட்டன் எப்படிச் செத்தாருன்னு பாக்க வந்தோம்."

"அதான் ஊருக்கே தெரியுமே. முதலாளி, எலையில சோறு போட்டிருக்கேன். வாங்க." அவள் போய்விட்டாள்.

"வரவேற்பு பலமா இருக்கு மேடம்" என்றான் ஜஸ்டின். "நமக்கு எலை கெடையாதுபோல."

யுவராணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெரிய சாக்கெட், குண்டுப் பின்னுக்கு அளந்து செய்தது. பக்கத்தில் ட்ரிப்பர். கரண்டு எங்கேயாவது ஒழுகினால் கண் மூடித் திறப்பதற்குள் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சுவிட்சு அது. அதிலிருந்த டெஸ்ட் பட்டனை அமுக்கினாள். டக்! விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டாள். வயரிங் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருந்தது. பச்சைக் கம்பி, எர்த்து, எல்லாம் சரி. 'கிரில் இங்கே மட்டும்' என்று பெனடிக்ட் மார்க்கர் பேனாவால் எழுதிக்கூட வைத்திருந்தான்.

தட்டு எடுக்கத் திரும்பி வந்த ஷீபாவிடம், "இந்த ட்ரிப்பர் அடிக்கடி விழுமா?" என்று கேட்டாள்.

"தூறல் விழுந்தா இதுவும் விழும். கெஸ்ட்டுக அடுப்பத் தோட்டத்துல வைக்கச் சொல்லுவாக. பாதிக் கோழியில கரண்டு போயிரும். பெரிய ரோதனை. முதலாளி திட்டாத நாளில்ல."

"அன்னைக்கு விழுந்துச்சா?"

ஷீபா ஒரு நிமிஷம் யோசித்தாள். "இல்ல" என்றாள். "அன்னைக்கு விழல." ஏன் கேட்கிறாள் என்று புரியாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜஸ்டின் தாடையைச் சொறிந்தான். "ட்ரிப்பர் வேலை செய்யிது. அன்னைக்கு மட்டும் விழல. அப்ப கரண்டு இது வழியாப் போகல."

"பரவாயில்லையே, இட்லி எறங்கிருச்சுபோல."

"ஒண்ணு மட்டும் எறங்கிருக்கு மேடம். அங்கன பாருங்க, வெறகே இல்லாம பொகை வருது."

ஜன்னலுக்கு வெளியே மஞ்சு சற்றே விலகியிருந்தது. விடுதிக்குப் பின்புறம், தகரக்கூரை போட்ட ஓர் ஒற்றை அறை. அதன் சின்னத் திறப்பிலிருந்து புகை கசிந்து மஞ்சோடு கலந்துகொண்டிருந்தது. அதற்கு இருபதடி தள்ளி மோட்டார் ரூம்.

இரண்டுக்கும் நடுவில், புல்லுக்குள் பாம்பு மாதிரி ஒரு கறுப்பு வயர்.

*

மோட்டார் ரூமில் அந்தக் காலத்துப் பழுப்பு நிற சாக்கெட் ஒன்று இருந்தது. ட்ரிப்பர் கிடையாது, எர்த்து கிடையாது, சுவிட்சு மட்டும் உண்டு. கறுப்பு வயரின் முனையில் பிளக்கே இல்லை. இரண்டு கம்பிகளை உரித்து ஓட்டைகளில் சொருகி, நழுவாமல் இருக்க ஆளுக்கொரு தீக்குச்சியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதான பச்சைக் கம்பி வெட்டப்பட்டு அனாதையாகத் தொங்கியது.

"நம்ம ஊரு தேசிய பிளக்கு" என்றான் ஜஸ்டின். "ரெண்டு குச்சி, ஒரு தைரியம்."

யுவராணி வயரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். டீ கிளாஸ் மாதிரி சுட்டது. "முக்கால் ஸ்கொயர் வயரு, ரொம்ப ஒல்லி. கரண்டு அடுப்புக்கெல்லாம் ரெண்டரை ஸ்கொயராவது வேணும். இது உள்ளுக்குள்ளயே வெந்துகிட்டு இருக்கு. வா, அடுத்த முனையில என்ன இருக்குன்னு பாப்போம்."

வயர் அந்த ஒற்றை அறையின் இரும்புக் கதவுக்குக் கீழே நுழைந்து உள்ளே போனது. திறந்துகிடந்த கதவு வழியாக இரண்டு பேரும் அதன் பின்னாலேயே போனார்கள். உள்ளே பீரோ மாதிரி ஓர் எவர்சில்வர் பெட்டி. கரண்டில் ஓடும் ஸ்மோக்கர், கறியைப் புகையில் வாட்டுவது. கீழே மரச்சீவல் கருகிக்கொண்டிருந்தது, மேலே கறி தொங்கிக்கொண்டிருந்தது. கேரளாவிலிருந்து வருகிறவர்களுக்காகச் சங்கரலிங்கம் ஆசைப்பட்டு வாங்கியது. தரையெல்லாம் கறி கழுவிய தண்ணீர். மூலையில் திராட்சைப் பெட்டிகள், ஒரு பழைய ஏலக்காய்ச் சாக்கு.

வயரின் இந்த முனையில் ஒரு சாக்கெட் பெட்டி. அதில் பெரிய ஓட்டைகள். ஸ்மோக்கரின் குண்டுப் பின் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

யுவராணி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "ஜஸ்டின், இதுதான். அந்தப் பக்கம் வெறும் கம்பி, இந்தப் பக்கம் பெரிய ஓட்டை. காணாமப்போன வயரு இதுதான். தூக்கி எறியக்கூட மனசு வராம அடுத்த அடுப்புக்குப் போட்டிருக்காக!"

அப்போதுதான் கதவு சாத்தப்பட்டது.

சும்மா சாத்தப்படவில்லை. அறைந்து, அழுத்தி, வெளியே தாழ் போட்ட சத்தம். கதவின் அடிப்பக்கத்தில் நீலமாக ஒரு பொறி பறந்தது.

"ஏய்!" என்று ஜஸ்டின் கதவைத் தட்டப் பாய்ந்தான்.

"தொடாதே!"

யுவராணி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு பட்டன் தெறித்தது. "பொறியப் பாத்தியா? சூட்டுல இளகிப்போன வயரு. மேல இரும்புக் கதவு ஏறி நசுக்கியிருக்கு. டெஸ்டர் வச்சிருக்கியா?"

"காது கொடைய வச்சிருக்கேன் மேடம்." அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். யுவராணி ஒரு திராட்சைப் பெட்டியின்மேல் ஏறி நின்று டெஸ்டரைக் கதவில் வைத்தாள். உள்ளேயிருந்த சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

கதவு முழுக்கக் கரண்டு.

"ஃபியூஸ் போயிரும்ல?" என்றான் ஜஸ்டின். குரலில் கிண்டல் குறைந்திருந்தது.

"தீக்குச்சியில பிளக்குப் போட்ட ஆளுக, ஃபியூஸ்ல தலைமுடிக் கம்பியா போட்டிருப்பாக? கட்டுக்கம்பியே போட்டிருப்பாக. போகாது."

அவள் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஸ்மோக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்மோக்கர் அணைந்தது. ஆனால் வயரில் கரண்டு அப்படியே இருந்தது, கதவிலும் இருந்தது. சீவல் இன்னும் புகைந்தது. ஜன்னல் என்று இருந்தது ஒரு சாண் திறப்பு, அதற்கும் இரும்புக் கம்பி. போனில் சிக்னல் இல்லை. மணி இரண்டரை.

"அந்தப் பொம்பளதான்" என்றான் ஜஸ்டின். "பார்வையே சரியில்ல. சோறு போடாதப்பவே நெனச்சேன்."

யுவராணி போன் வெளிச்சத்தில் வயரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், நடுவில் ஓர் ஒட்டுப் போட்ட இடத்தில் நின்றுவிட்டாள். மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் சூட்டில் பசை விட்டுச் சரிந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு டேப். அட்டைப்பெட்டி ஒட்டுகிற அகல டேப். ஊதா நிறத்தில் ஒரு திராட்சைக்குலைப் படம், பக்கத்தில் எழுத்து.

'எஸ்.எல். திராட்சை, ஓடைப்பட்டி.'

"இந்த டேப்பு இந்த மலையில எங்கயாவது கெடைக்குமா ஜஸ்டின்?"

ஜஸ்டின் குனிந்து படித்தான். அவன் முகம் மாறியது. "இங்கன கெடைக்காது. அவரு பேக்கிங் ஷெட்டுல மட்டும்தான்... மேடம், இந்த வயரே அங்கன செஞ்சதா?"

"அங்கனயே ஒட்டுப் போட்டு, சுத்தி, ஜீப்புல ஏத்திக் கொண்டுவந்தது. பெட்டி டேப்பு தண்ணியத் தாங்காது. அன்னைக்குத் தூறல்ல ஒட்டு நனைஞ்சு அடுப்பு மேல கரண்டு எறங்கிருச்சு. எர்த்துக் கம்பி இல்ல, ட்ரிப்பரும் இல்ல."

"நல்லாச் சொன்னே தாயி" என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல்.

எலுமிச்சம்பழம் கொடுத்த அதே குரல். அதே அன்பு.

"நீங்க தப்பா நெனைக்கக்கூடாது" என்றார் சங்கரலிங்கம். "நான் யாரையும் கொல்லணும்னு நெனைக்கல. அந்த ட்ரிப்பரு பண்ண அழும்பு தாங்கல. சரி, வேற வழியா கரண்டு குடுப்போம்னு ஒரு வயரச் செஞ்சேன். எம் போதாத காலம், இப்படி ஆயிருச்சு. பயத்துல அத ஒளிச்சிட்டு, மஞ்ச வயர எடுத்து அடுப்புப் பக்கத்துல போட்டேன். பெனடிக்டு பாவம், அவனே தப்பு அவனோடதுன்னு நம்புறான். நம்பிட்டுப் போகட்டுமே. கையெழுத்து விழுந்ததும் நானே ஆள் அனுப்பித் தெறக்கச் சொல்றேன். ரெண்டு மூணு மணி நேரம்தான்."

"சார், கதவுல கரண்டு இருக்கு!" என்று கத்தினாள் யுவராணி. "வயரு நசுங்கிருக்கு. யாராவது தொட்டா..."

"இப்பத்தான நான் தொட்டுப் பூட்டினேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சிரித்தார். "இதெல்லாம் நல்லாத்தான் பேசுறே தாயி."

ரப்பர் பூட்ஸ் போட்ட கால்கள் சளக் சளக்கென்று விலகிப் போயின. தான் ஏன் பிழைத்தோம் என்று அந்த மனுஷருக்குத் தெரியவே இல்லை. சற்று நேரத்தில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

*

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று இரண்டு பேருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. இருமினார்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பெட்டிமேல் குந்தியிருந்தார்கள். ஒரு தடவை யுவராணி சாக்கைச் சுற்றி வயரை இழுத்துப் பார்த்தாள். கதவின் கனம் அதை அசையவிடவில்லை. இன்னும் இழுத்தால் உறை மொத்தமாகக் கிழியும் என்று விட்டுவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"மேடம், எம் பொஞ்சாதிக்கு நான் எங்க போறேன்னு சொல்லல" என்றான் ஜஸ்டின். "சொன்னா ஏலக்கா வாங்கிட்டு வரச் சொல்லுவான்னு பயந்துட்டேன்."

"இங்க ஒரு சாக்கு இருக்கு. வெறுஞ்சாக்கு."

மணி மூன்றே முக்கால் இருக்கும். புல்லில் காலடிச் சத்தம். பூட்ஸ் இல்லை. வெறுங்கால்.

"கறிய எடுத்துட்டுத் திரும்பப் பூட்டிருவேன்" என்றது ஷீபாவின் குரல். "முதலாளி சொல்லிட்டுத்தான் போனாக. கரண்டுக்காரனுக்காக எதையோ மாத்திவைக்க வந்த களவாணிகன்னு. ஓடப் பாத்தா கத்தி ஊரக் கூட்டிருவேன்."

யுவராணி எழுந்துவிட்டாள். ஈரக் கை, ஈரத் தரை, வெறுங்கால். இன்னும் மூன்றடி.

"ஷீபா! கதவைத் தொடாதே! கரண்டு இருக்கு!"

"போதும், போதும்."

"உன்னைக் கும்புடுறேன். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் தொடு. இந்தக் கறுப்பு வயரை உனக்கு எப்பக் குடுத்தாக?"

காலடி நின்றது. "நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு. புது வயருன்னு முதலாளி குடுத்தாக. தெனம் காலையில நாந்தான் சொருகுறேன். அதுக்கென்ன இப்ப?"

"புது வயருன்னா நடுவுல எதுக்கு ஒட்டு? எதுக்கு ரெண்டு தீக்குச்சி?"

வெளியே புல்லில் கால் மாற்றி வைக்கும் சத்தம்.

"அன்னைக்கு உன் சேட்டன் அடுப்புல எந்த வயரு இருந்துச்சு? மஞ்சளா?"

"மஞ்ச..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "மஞ்ச வயரு பல்புக்கு. மரத்துல கட்டியிருந்துச்சு. அடுப்புக்கு... அன்னைக்கு இருட்டு, தூறல். கறுப்பா ஒண்ணு புல்லுல கெடந்துச்சு. நான் சேட்டனத்தான் பாத்தேன். வயர யாரு பாத்தா?" குரல் உடைந்தது. "கைய எடுக்க முடியல. மூடியோட ஒட்டிக்கிச்சு. என்னைப் பாத்துட்டே இருந்தாக. வாய் தெறக்க முடியல அவுகளால."

ஜஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான்.

யுவராணி குரலைத் தாழ்த்தினாள். "ஷீபா, என்னை நீ நம்ப வேணாம். நான் யாரோ. நீ தெனம் போடுற சுவிட்சை மட்டும் நம்பு. மோட்டார் ரூமுக்குப் போயி அதை அணைச்சிட்டு வா. நான் சொன்னது பொய்யின்னா உனக்கு நஷ்டம் இருபதடி நடை. கறி எங்கயும் ஓடிறாது. உண்மைன்னா, ரெண்டு பிள்ளைக இருக்கு உனக்கு. அதுகளுக்கு இனிமே யாரு இருக்கா?"

வெளியே அவள் நிற்கிறாளா, கையை நீட்டுகிறாளா, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. யுவராணி டெஸ்டரைக் கதவில் வைத்துப் பிடித்துக்கொண்டு அந்த ஆரஞ்சுப் புள்ளியையே பார்த்தாள்.

காலடிகள் கேட்டன. வருகிறதா, போகிறதா? போகிறது. எங்கே? லைன் வீட்டுக்கா, மோட்டார் ரூமுக்கா?

ஆரஞ்சுப் புள்ளி அணைந்தது.

யுவராணி அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். ஜஸ்டின் மூக்கை உறிஞ்சினான். கேட்டால் புகை என்பான்.

தாழ் விலகிக் கதவு திறந்தது. ஷீபா குனிந்து, கதவு கடித்த இடத்தைப் பார்த்தாள். உறை இரண்டாகப் பிளந்து செம்புக்கம்பி பளபளத்தது. இரும்பில் கரி பிடித்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு யுவராணி காட்டிய ஒட்டைப் பார்த்தாள். ஊதாத் திராட்சைக்குலை. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இந்த டேப்பு நான் பாத்திருக்கேன்" என்றாள். "சரக்குப் பெட்டி வரும்போது ஒட்டியிருக்கும்." அதற்குப் பிறகுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. "அப்ப இதுதானா? எங்க சேட்டனக் கொன்ன வயரு இதுதானா?"

"ஆமா."

"இதத்தான் பத்து நாளா நான் என் கையால சொருகிட்டு இருந்தேனா?"

யுவராணி அவள் தோளைப் பிடித்தாள். ஷீபா அழவில்லை. உதடு மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"இத வெளிய சொன்னா வேலை போயிரும். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாக" என்றாள். யாரிடமும் யோசனை கேட்கிற தொனி இல்லை அதில். "போகட்டும். சாயங்காலம் கையெழுத்துன்னு முதலாளி சொன்னாகளே, எத்தனை மணிக்கு?"

"அஞ்சு. இங்க சிக்னல் எங்க கெடைக்கும்?"

"டீத்தூள் பாக்டரிக்கு மேல ஒரு பாறை. ஓடணும்."

ஓடினார்கள். டீச்செடிகளுக்கு நடுவே, மஞ்சுக்குள், வெறுங்காலோடு ஷீபா முன்னால். வயரைச் சாக்கில் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஜஸ்டின் கடைசியில் வந்தான், இட்லிகளை மறந்துவிட்டிருந்தான்.

பாறைமேல் ஏறியபோது நாலு ஐம்பத்திரண்டு. மூன்றாவது முயற்சியில் கிளாராவின் போன் எடுத்தது. "அக்கா! பேனாவக் கையில குடுத்துட்டாக, நான் எவ்வளவு சொல்லியும்..."

"போனை உன் வீட்டுக்காரர்கிட்டக் குடு. ஸ்பீக்கர்ல போடு. பேசப்போறது நான் இல்ல."

யுவராணி போனை ஷீபாவிடம் நீட்டினாள். ஷீபா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"பெனடிக்ட் அண்ணே, நான் ஷீபா. கர்ணன் பொஞ்சாதி."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் மட்டும் கேட்டது. பிறகு, "தங்கச்சி, என்னைய மன்னிச்சிரும்மா. கையெழுத்துப் போட்டுட்டேன்னா எல்லாம் ஆறிரும்..."

"பேனாவக் கீழ வைங்கண்ணே. நான் உங்களத் திட்டாத திட்டு இல்ல. நீங்கதான் என்னைய மன்னிக்கணும். சேட்டனக் கொன்னது உங்க வயரு இல்ல. அந்த வயரு இப்ப எங்கிட்ட இருக்கு. அதச் செஞ்சவுக பேரு அதுலயே ஒட்டியிருக்கு. நீங்க கொல்லல அண்ணே. கேக்குதா? நீங்க கொல்லல."

மேஜையில் ஏதோ விழுந்து உருண்டது. அப்புறம் ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம். இருபது நாளாக அடக்கிவைத்திருந்த அழுகை. கிளாராவும் கூடச் சேர்ந்து அழுதாள். நடுவில் தூரத்திலிருந்து ஓர் அன்பான குரல், "யாரு தாயி போன்ல?" என்றது.

ஷீபா அதைக் கேட்டாள். போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"கிளாராக்கா, முதலாளிகிட்டப் போனக் குடுங்க. நான் பேசணும்."

"இந்தாங்க" என்று கிளாரா சொல்வது கேட்டது. "கர்ணன் வீட்டுக்காரி பேசுறாக. உங்களத்தான் கேக்குறாக. வாங்குங்க. ஏன், கைய நீட்டுங்களேன்?"

மஞ்சு பாறையைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பக்கம் யாரும் போனை வாங்கவில்லை.